பதினான்கு என்பது சிறைச்சாலை அல்ல

ஹோபார்ட் டவுன், வான் டீமன் தீவு,
1826 மார்ச் 9.

பெருமதிப்புக்குரிய மைத்துனர் ரூபன் பிரீட்ஸ் அவர்களுக்கு, தங்கள் தங்கை கெசையாவின் கணவனும், சுண்ணாம்பு சுடுகிறவனும், இன்றைய தேதியில் யாருடைய காவலிலும் இல்லாதவனுமாகிய ஜேபஸ் மின்டர் வணக்கத்தோடு எழுதிக்கொண்டது. நான் இங்கே சுகம். ஹேஸ்டிங்ஸில் தாங்களும், தங்கள் மனைவியாரும், பிள்ளைகளும், தார் பூசிக் காயப்போட்ட வலைகளும் சுகமாக இருக்க ஆண்டவனை வேண்டுகிறேன். மச்சான், மரியாதை இத்தோடு போதும் என்று நினைக்கிறேன். இதற்கு மேல் பணிவாக எழுதினால் எனக்கு மூச்சு முட்டும்.

உங்கள் கடிதம் போன மாதம் வந்தது. கப்பல்துறையில் நின்றபடி ஒரு தடவை படித்தேன். பிறகு ஒரு பீப்பாய் மேல் உட்கார்ந்து இன்னொரு தடவை படித்தேன். மூன்றாவது தடவை படிக்கத் தெம்பில்லை, தேவையும் இல்லை, அதற்குள் எனக்கு மனப்பாடம் ஆகிவிட்டது. கெசையாவுக்கு எழுத்து தெரியாது, என் கடிதங்களை நீங்கள்தான் அவளுக்குப் படித்துக் காட்டுகிறீர்கள், அதற்கு நான் என்றைக்கும் கடமைப்பட்டவன். ஆனால் இந்தக் கடிதத்தில் அவளுக்குப் படிக்கக் கூடாத பத்திகள் உண்டு. அவற்றின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் விட்ட பத்திகளை உரக்க, நிதானமாக, முகத்தைச் சுளிக்காமல் படிக்க வேண்டும்.

இதை அவளுக்குப் படிக்க வேண்டாம். பத்து வருஷமாக அவள் ஏன் வரவில்லை என்பது நம் இருவருக்கும் தெரியும். தேவாலயக் கூரையைச் செப்பனிடப் போகிறேன் என்று அவளிடம் சொல்லிவிட்டுப் போய், கூரையில் இருந்த ஈயத் தகட்டைச் சுருட்டிக்கொண்டு இறங்கியவன் நான். அதற்கு ஏழு வருஷம் கிடைத்தது, கடல் கடந்து இங்கே வந்தேன், முழுசாக அனுபவித்தேன், 1823இல் விடுதலைச் சீட்டு வாங்கினேன். தண்டனையை விட என் கடிதங்கள்தான் எனக்கு அதிகக் கெடுதல் செய்தன. வந்த இரண்டாம் வருஷமே எனக்கு ஆறு ஜன்னல் வைத்த வீடு இருப்பதாக எழுதினேன். ஒரு குதிரை இருப்பதாக எழுதினேன். கவர்னர் சில விஷயங்களில் என்னைக் கலந்துகொள்வதாகவும் எழுதியதாக ஞாபகம். அப்போது நான் இருபது பேரோடு ஒரு கொட்டகையில் படுத்திருந்தேன், குதிரை என்பது பக்கத்து வேலிக்குள் இருந்த ஒரு வெள்ளாடு. ஏன் அப்படி எழுதினேன் என்று கேட்டால், உண்மையை எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை, அவ்வளவுதான்.

பிறகு நிஜமாகவே வீடு கட்டினேன். வாழ்க்கையில் முதல்முறையாகச் சொல்லிக்கொள்ள ஓர் உண்மை கிடைத்தது, நம்ப ஆளில்லை. மனைவிமாரைக் கப்பலில் இலவசமாக அழைத்துவர மனுக் கொடுத்தேன், அனுமதியும் வந்தது. அவள் மூட்டையைக் கட்டிக்கொண்டு கப்பலடிக்குப் போக வேண்டியதுதான் பாக்கி. அவள் சொன்னதை நீங்களே எழுதியிருந்தீர்கள்: “அந்த ஆளு வாயால சொன்னா நம்ப மாட்டேன், எழுத்துல சொன்னாலும் நம்ப மாட்டேன். அவன் வீட்ட நான் கண்ணால பாக்கணும். பாத்துட்டுச் சொல்றேன்.” பூமியின் இந்தப் பக்கத்தில் இருக்கும் வீட்டை அந்தப் பக்கத்தில் இருந்துகொண்டு எப்படிக் கண்ணால் பார்ப்பது? ஒரு வருஷம் இதையே யோசித்துக்கொண்டு சுண்ணாம்பு சுட்டேன்.

அப்போதுதான் லெப்டினன்ட் ஃபேன்ஷா ஊரைப் படமாக வரைய ஆரம்பித்தார். கரையை ஒட்டிய மேட்டின் மேல் மடக்கு முக்காலி போட்டு உட்கார்ந்து, துறைமுகத்தின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை, ஒரு கட்டடம் விடாமல் மூன்று பெரிய தாளில் வரைந்தார். அது லண்டனுக்குப் போய், செப்புத் தகட்டில் செதுக்கி, அச்சிட்டு, வண்ணம் தீட்டி, மூன்று தாளையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் ஊர் முழுக்க ஒரே வீச்சில் தெரியும் என்றார்கள். கட்டடங்களுக்கு மேல் குட்டி எண், அடியில் விவரம்: 1 கவர்னர் மாளிகை, 2 தேவாலயம், இப்படி. ஓர் அதிகாரி வரைந்து, லண்டனில் அச்சான படத்தை எந்தப் பெண்பிள்ளை பொய் என்று சொல்வாள்? அவர் காலில் விழாத குறை. “ஐயா, என் வீட்டுக்கும் ஒரு எண் போடுங்க” என்றேன். “யோவ் மின்டர், தண்டனை முடிச்சவன் வீட்டுக்கெல்லாம் எண் போட்டா கவர்னர் மாளிகைக்கு எத்தனாவது எண் வரும்னு யோசிச்சியா?” என்றார். வீட்டை வரைகிறேன், எண் கிடையாது, ஒரு பிரதி உன் பெண்டாட்டிக்கு நானே அனுப்புகிறேன், பதிலுக்கு என் வீட்டுக்கு இரண்டு தடவை வெள்ளையடித்துக் கொடு என்றார். மூன்று தடவை அடித்தேன்.

என் வீட்டை அவர் வரைய வேண்டிய நாள் வந்தது. மேட்டில் போய்ப் பின்னால் நின்று பார்த்தேன். மச்சான், வீடு தெரியவே இல்லை. அதாவது தெரிகிறது, ஆனால் கண்ணில் படவில்லை. என் வீட்டுக்குப் பின்னால், கொஞ்சம் மேட்டில், சிறைச்சாலை இருக்கிறது. அதன் சுவர் என் கூரைக்கு மேலே எட்டிப் பார்க்கிறது. லெப்டினன்டே சொன்னார்: “ஒரு வீடுன்னா புகை வரணும்யா. புகை வந்தாத்தான் உள்ள ஆள் இருக்குன்னு பாக்கிறவனுக்குத் தெரியும்.” உடனே ஓடினேன். அடுப்பில் ஈரத் தழையைத் திணித்தேன், போதாது என்று நனைந்த சாக்கையும் திணித்தேன். வந்தது பாருங்கள் புகை! சிறைக் காவலர்கள் தீப்பிடித்துவிட்டதென்று வாளியோடு ஓடிவந்து, கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்து, என்னையும் என் படுக்கையையும் முழுக்க நனைத்துவிட்டுப் போனார்கள். சிறை அதிகாரி ஹக்கின்ஸ் நல்ல மனுஷர்தான், ஆனால் கேலி அதிகம். “என்ன மின்டர், குடியிருக்கப் பிடிக்கலையா? எங்கிட்ட எடம் காலியா இருக்கு” என்றார். நான் இருமிக்கொண்டே சிரித்தேன். படத்தில் புகை நன்றாக விழுந்திருக்கும் என்ற சந்தோஷம் எனக்கு.

விழுந்தது. லண்டன் போய்ச் சேர்ந்து வேலையைக் காட்டியது. சிறைச்சாலைக்கு லெப்டினன்ட் போட்ட 14 என்ற எண் என் புகைக்கு நடுவில் மாட்டிக்கொண்டது. இந்த ஊரைக் கனவில்கூடப் பார்த்திராத செதுக்குகிறவர், எண் புகையில் மிதக்கிறதே, புகை எந்தக் கூரையிலிருந்து வருகிறதோ அந்தக் கூரைக்குத்தான் இது என்று நியாயமாக முடிவு கட்டி, 14ஐக் கொஞ்சம் கீழே இறக்கி என் கூரைமேல் உட்காரவைத்துவிட்டார். அதோடு விட்டாரா? சிறைச்சாலை என்றால் கம்பி வேண்டுமே என்று என் இரண்டு ஜன்னலிலும் கோடு கோடாக இழுத்துவிட்டார். இரண்டே ஜன்னல்தான் மச்சான், இப்போது ஒத்துக்கொள்கிறேன், அதில் ஒன்றுக்குத்தான் கண்ணாடி. நிஜச் சிறைச்சாலையோ எண் இல்லாமல், கம்பி இல்லாமல், ஹக்கின்ஸ் போட்ட முட்டைக்கோஸ் பாத்தியோடு, ஏதோ பெரிய மனுஷர் வீடு போல நிற்கிறது. அவர் ஒரு பிரதி வாங்கி, இதுதான் என் வீடு என்று தன் தாயாருக்கு அனுப்பிவிட்டார். இனி அந்த அம்மாள் ஊரெல்லாம் காட்டிப் பெருமைப்படுவாள்.

இனி உங்கள் கடிதத்துக்கு வருகிறேன். படம் வந்த அன்று மேஜை போதாமல் ஒரு தாளைக் கட்டில் மேலும் விரித்ததாக எழுதியிருந்தீர்கள். நடுத் தாளில், தேவாலயக் கோபுரத்துக்கு இடது பக்கம், புகை வரும் வெள்ளை வீடு என்று நான் எழுதி அனுப்பியிருந்ததை வைத்து கெசையாவே விரலால் தேடிக் கண்டுபிடித்ததாகவும் எழுதியிருந்தீர்கள்.

“அண்ணே, இதுதான். பொகை வருது பாரு. வெள்ளையடிச்சிருக்கான். மேல என்னமோ போட்டிருக்கே, என்னது?”

“பதினாலு.”

“பதினாலுன்னா?”

“இரு, கீழ பாக்கிறேன். பன்னண்டு, பதிமூணு... கெசையா, விடு, மூடி வச்சிரலாம்.”

“படி.”

“பதினாலு, சிறைச்சாலை.”

தங்கள் மனைவியார் சிரித்துவிட்டதாக எழுதியிருந்தீர்கள். அவர்மேல் எனக்கு வருத்தமில்லை, நானாக இருந்தாலும் சிரித்திருப்பேன். கெசையா ஜன்னல் கம்பியை ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்துவிட்டு, மூன்று தாளையும் சுருட்டித் துணியில் கட்டி எடுத்துக்கொண்டு போய்விட்டாள் என்ற இடத்தில்தான் நான் பீப்பாயில் உட்கார்ந்தேன். “இன்னும் உள்ளதான் கெடக்கிறியா மின்டர்? அத மறைக்கவாடா இத்தன வருஷமா வீடு, குதிரைன்னு அளந்த?” என்று கேட்டிருந்தீர்கள். இனி அவளைக் கூப்பிடாதே என்று முடித்திருந்தீர்கள்.

மச்சான், நான் உள்ளே இல்லை. எனக்கு அதை நிரூபிக்கத்தான் வழி தெரியவில்லை. ஹக்கின்ஸிடம் போய், நான் உங்கள் சிறையில் இல்லை என்று ஒரு சான்று கொடுங்கள் என்றேன். தாராளமாகக் கொடுத்தார். மேலே சிறைச்சாலை என்று கொட்டை எழுத்து, கீழே சிறைச்சாலை முத்திரை, நடுவில் ஜேபஸ் மின்டர் என்று என் பெயர். நீங்கள் அதை விரித்ததும் என்ன நினைப்பீர்கள் என்று எனக்குத் தெரியும், அதனால் அடுப்பில் போட்டேன். பாதிரியாரிடம் போனேன். “சிறைச்சாலைக்கு அருகில் நெடுங்காலமாக வசிப்பவர், நன்னடத்தை உள்ளவர்” என்று எழுதினார். ‘அருகில்’ என்ற சொல்லின் மேல் பேனாவிலிருந்து மை சொட்டிவிட்டது. அதைப் படித்தால் இன்னும் மோசம். லெப்டினன்டிடம் போனேன். படத்தைக் கண்ணுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். “ஆமாய்யா, எறங்கிப் போச்சு. ஒரு ஊரையே வரஞ்சிருக்கேன், நீ ஒரு நம்பரப் புடிச்சுத் தொங்குறியே” என்றார். தகடு லண்டனில் இருக்கிறது, இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்றார். போகும்போது, கூடத்துச் சுவர் அழுக்காகிவிட்டது, எப்போது வருகிறாய் என்றும் கேட்டார்.

இந்தப் பத்தியையும் அவளுக்குப் படிக்க வேண்டாம், பயப்படுவாள். அந்தப் படத்தின் முன்பக்கத்தில் ஈட்டியோடு இரண்டு கறுப்பு மனுஷர்கள் நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அதுவும் லண்டன் வேலைதான், அழகுக்காகச் சேர்த்தது. லெப்டினன்ட் உட்கார்ந்திருந்த பதினொரு நாளும் அங்கே அப்படி யாரும் நிற்கவில்லை. நான் வருவதற்கு முன்பே அவர்களை அந்தக் கரையிலிருந்து துப்பாக்கியால் விரட்டிவிட்டார்கள். எத்தனையோ தலைமுறை அவர்கள் தின்றுபோட்ட கிளிஞ்சல்தான் கரையோரம் குன்று குன்றாகக் கிடக்கிறது. அதை வெட்டிச் சுட்டுத்தான் நான் சுண்ணாம்பு செய்கிறேன், என் வீட்டு வெள்ளையும் அதுதான். ஊரைவிட்டு ஓட்டினவர்களைப் படத்தில் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள், விவரப் பட்டியலில் அவர்களுக்கு எண் கிடையாது. எனக்குத் தப்பான எண் விழுந்ததற்கு இவ்வளவு அழுகிறேனே, அவர்கள் யாரிடம் போய் அழுவார்கள் என்று ஒரு நாள் சூளையருகில் நிற்கும்போது தோன்றியது. பிறகு வேலையைப் பார்த்தேன். என்னால் ஆனது அவ்வளவுதான், அதற்காக வெட்கப்படுகிறேன்.

இனிமேல் வருவதை உரக்கப் படியுங்கள். கெசையா, இந்த வீட்டின் கதவுக்குத் தாழ்ப்பாள் உள்பக்கம் இருக்கிறது. உலகத்தில் எந்தச் சிறைக்கும் அப்படி இருக்காது, உன் அண்ணனைக் கேட்டுப் பார். இரண்டு அறை. இரண்டு நாற்காலி செய்தேன், ஒன்றில்தான் உட்காருகிறேன், மற்றதில் சட்டை போட்டு வைத்திருக்கிறேன். சாமான் வைக்க உன் கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு பலகை அடிக்க நினைத்தேன். நீ எவ்வளவு உயரம் என்று சட்டென்று ஞாபகம் வரவில்லை. உன் தலை என் சட்டையின் இரண்டாவது பொத்தான்வரை வரும் என்பது மட்டும் ஞாபகம் இருந்தது. அந்தச் சட்டை எப்போதோ போய்விட்டது. இப்போதைய சட்டையில் பொத்தானே வேறு இடத்தில் இருக்கிறது. உத்தேசமாக அடித்திருக்கிறேன், எட்டாவிட்டால் இறக்கிக்கொள்ளலாம். பெண்கள் கப்பல் வரும்போதெல்லாம் துறைக்குப் போகிறேன். கடைசிப் படகு காலியாகும்வரை நிற்பேன். “யாருக்காகய்யா நிக்கிற?” என்று கேட்டால், சுண்ணாம்புக்கு ஆள் பார்க்கிறேன் என்பேன். அதுவும் பொய்தான். பத்து வருஷத்துப் பொய்யில் இந்த ஒரு கடிதம் மட்டும் சுத்தமான உண்மை, இதை நீ நம்பாவிட்டால் நான் யாரிடம் போவேன்?

மச்சான், உங்களிடம் ஒரே ஒரு வேண்டுகோள். பேனாக்கத்தியை எடுத்து, கெசையாவின் கண்ணெதிரே அந்த 14ஐச் சுரண்டி எடுத்துவிடுங்கள். ஜன்னல் கோடுகளையும் முடிந்தால் சுரண்டுங்கள், தாள் கிழியாமல். பிறகு அந்த இடத்தில் ‘மின்டர் வீடு’ என்று உங்கள் கையால் எழுதி, அதை அவளுக்குப் படித்துக் காட்டுங்கள். உங்கள் கையெழுத்தை அவள் நம்புவாள்.

தங்களுக்கும் தங்கள் மனைவியாருக்கும் என் பணிவான வணக்கம். அவர் இனி எப்போதும் நல்ல விஷயங்களுக்கே சிரிக்கட்டும். பிள்ளைகள் நோயில்லாமல் வளரட்டும், வலை நிறைய மீன் படட்டும், கூரை ஒழுகாமல் இருக்கட்டும், ஒழுகினால் என்னைத் தவிர வேறு யாரையாவது கூப்பிடுங்கள்.

இப்படிக்கு,
வெளியில் இருக்கும்
ஜேபஸ் மின்டர்.

பின்குறிப்பு. மார்ச் 12. மச்சான், இதை நின்றுகொண்டு படிக்காதீர்கள், உட்காருங்கள். மேலே எழுதியது எதையும் யாருக்கும் படித்துக் காட்ட வேண்டியதில்லை. நேற்றுக் காலை பெண்கள் கப்பல் வந்தது. துறையில் கடைசிப் படகுவரை நின்றுவிட்டு வீட்டுக்குத் திரும்பினேன். வாசலில் ஹக்கின்ஸ் நின்றார். கேலி ஒன்றும் செய்யவில்லை, தொப்பியைக் கையில் வைத்திருந்தார். அவர் பக்கத்தில் ஒரு அம்மாள், டார்கஸ் என்று பெயர், அவளும் புருஷனிடம் வந்தவள். சிறை வாசலில் போய், பதினாலாம் எண்ணில் இருக்கும் ஜேபஸ் மின்டரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டிருக்கிறாள். கையில் ஒரு மூட்டை.

கெசையா அக்டோபரிலேயே கிளம்பிவிட்டாள். உங்களிடம் சொன்னால் தடுப்பீர்கள் என்று, டோவரில் வேலை கிடைத்திருப்பதாகச் சொல்லிவிட்டு வந்தாளாம். பொய் சொல்லியிருக்கிறாள், மச்சான். என்னிடம் கற்றது. நன்னம்பிக்கை முனையைத் தாண்டிப் பதினோராம் நாள் காய்ச்சலில் போய்விட்டாள். நான்கு நாள் காய்ச்சல். பிரார்த்தனை சொல்லித்தான் கடலில் விட்டார்கள் என்று டார்கஸ் சொன்னாள், பக்கத்தில் தான் நின்றதாகவும் சொன்னாள்.

ஏன் வந்தாள் என்று கேட்டேன். டார்கஸ் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்: “கப்பல்ல எல்லார்கிட்டயும் சொல்லுவா. எம் புருஷன் நல்லா இருக்கேன், வீடு கட்டிட்டேன், வா வான்னு எழுதிக்கிட்டே இருந்தான். குதிரை கிதிரைய நம்பல, ஆனாலும் நல்லா இருக்கிறவனுக்கு நான் எதுக்கு, பொழச்சுக்குவான்னு இருந்துட்டேன். இப்பத்தான் படத்துல பாத்தேன், பாவி இன்னும் உள்ளதான் இருக்கான். நான் வெசனப்படக் கூடாதுன்னு அத்தனையும் எழுதியிருக்கான். உள்ள கெடக்கிறவனுக்கு நான் போகலைன்னா யாரு ரொட்டி கொண்டு போய்க் குடுப்பா?”

மூட்டையில் இரண்டு ஜோடிக் கம்பளிக் காலுறையும், புகை போட்ட மீன் ஒரு பொட்டலமும் இருந்தன. சிறையில் குளிரும் என்று காலுறை. மீன் இத்தனை மாதத்திலும் கெடவில்லை, சாப்பிட்டேன்.

படமும் இருந்தது. மூன்று தாளில் நடுத் தாளை மட்டும்தான் கொண்டு வந்திருக்கிறாள். எண்ணைச் சுரண்டச் சொன்னேனே, நீங்கள் கத்தியைத் தேட வேண்டாம். இதோ இதுதான், இங்கேதான் இருக்கான் என்று சாகும்வரை கப்பலில் எல்லோருக்கும் விரல் வைத்துக் காட்டிக் காட்டி, அந்த இடத்தில் தாள் நைந்துபோயிருக்கிறது. 14 தெரியவில்லை. ஜன்னல் கம்பியும் தெரியவில்லை. வீட்டிலும் பாதி போய்விட்டது.